தூண் உறுதியாயின் பாலம் நிலைக்கும்

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. தொல்காப்பியர் எழுத்துக்களின் பிறப்பை விளக்குமிடத்து, தகரமும் நகரமும் வகரமும் பிறப்பதற்குப் பல்லின் துணை வேண்டுமென்று வகுத்துக் காட்டியிருக்கின்றார். முன்பல் இழந்த முதியவர் 'தந்தை' என்று சொல்ல முயலும்பொழுது, சொல்லைவிடக் காற்றே மிகுதியாக வெளிவருவதைக் கேட்டோர் இவ்விலக்கணத்தின் உண்மையை எளிதில் உணர்வர். சொல்லுக்கு மட்டுமன்றிச் சோற்றுக்கும் பல்லே முதற்கருவி.

அத்தகைய பல் பழுதுற்றால் அதனைப் பிடுங்கி எறிவதொன்றே வழியென்று எண்ணிய காலம் போய்விட்டது. இன்று, பழுதுற்ற பல்லுக்குக் கவசம் இடலாம். விழுந்த பல்லின் இடைவெளியைப் பாலம் கட்டி நிரப்பலாம். நிறங்கெட்ட பல்லின் முகப்பில் மெல்லிய தகடு பதிக்கலாம். முதலாவதைக் கிரவுண் என்றும், இரண்டாவதைப் பிரிட்ஜ் என்றும், மூன்றாவதை வெனீர் என்றும் பல் வைத்தியர்கள் வழங்குவர். இவற்றுள் எதனை எப்பொழுது தெரிந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது என்று வாசகர் சிலர் வினவியிருந்தனர். நான் வைத்தியன் அல்லேன். ஆயினும், இதுபற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. காத்திருக்கக்கூடிய ஒரு பல்லை என் அசட்டையினால் இழந்தவன் நான்.

ஒத்திப்போட்டதன் விலை

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்று சூத்தை பிடித்து இரவெல்லாம் துன்புறுத்தியது. கராம்பு எண்ணெய் தடவினேன். உப்பு நீர் கொப்பளித்தேன். நோவு தணிந்ததேயன்றி நோய் தணியவில்லை. ஈற்றில் மட்டக்களப்பு நகருக்குச் சென்று பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் வேர்ச் சிகிச்சை செய்தார். அதாவது, பல்லின் உள்ளே நரம்பும் குருதிக் குழாய்களும் தங்கியிருக்கும் மச்சையை அகற்றி, வேர்க் கால்வாய்களைத் துப்புரவு செய்து அடைத்தார். நோவு அறவே நீங்கியது.

"சேர், வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. இந்தப் பல்லுக்கு ஒரு கிரவுண் போடவேணும். சுணங்க வேண்டாம்" என்று அவர் சொல்லியனுப்பினார்.

நோகாத பல்லுக்கு யார் செலவு செய்வார்? கதிரவெளியிலிருந்து நகருக்குச் சென்று மீள்வதென்றால் வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனை என்று பேருந்திலேயே ஒரு பகல் போய்விடும். பரீட்சைக் காலம், வேளாண்மை வெட்டு, மைத்துனர் வீட்டுக் கலியாணம் என்று காரணங்கள் தாமாக வந்து சேர்ந்தன. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் மாலை முற்றத்தில் அமர்ந்து வறுத்த கச்சான் கொறித்துக்கொண்டிருந்தபோது 'டக்'கென்று ஓர் ஓசை கேட்டது. பல் நடுவே பிளந்து, பிளவு வேர்வரை இறங்கிவிட்டது. வைத்தியர் கதிர்ப்படத்தைப் பார்த்தார், என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இனி எடுக்கத்தான் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

வேர்ச் சிகிச்சை பெற்ற கடைவாய்ப் பல் ஏன் பிளக்கின்றது என்பதை அப்பொழுதுதான் கேட்டறிந்தேன். சூத்தை ஒரு பகுதியை அரித்துவிடுகின்றது. வேரை அடைவதற்கு வைத்தியர் நடுவே ஒரு வாயில் திறக்கின்றார். எஞ்சுவன மெல்லிய சுவர்களே. கூரையில்லாத மண்சுவர் மழைக்கு இடிவதுபோல, மேலே மூடியில்லாத அச்சுவர்கள் மெல்லும் விசையைத் தாங்காமல் விரிந்து பிளக்கின்றன. கிரவுண் என்பது அச்சுவர்களைச் சுற்றிவரக் கட்டிப்பிடித்து நிற்கும் கூரை.

கவசத்தின் வகைகள்

கிரவுண் இடுவதற்குப் பல்லின் மேற்புறமும் சுற்றுப்புறமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை சீவப்படும். பின்னர் அச்சு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். கிரவுண் வந்து சேரும்வரை தற்காலிக மூடி ஒன்று பல்லைக் காக்கும். ஆகவே இரண்டு மூன்று முறை வைத்தியரிடம் செல்ல நேரிடும்; தொலைவிலுள்ளோர் இதனை முன்கூட்டியே திட்டமிடல் வேண்டும்.

பொருளைப் பொறுத்தவரை, பொன் கலந்த உலோகம் மிகப் பழையது. எதிர்ப் பல்லைத் தேய்க்காதது. பல்லோடு இறுகப் பொருந்துவது. ஆயினும் அதன் நிறத்தை இக்காலத்தார் விரும்புவதில்லை. உலோகத்தின் மேல் பீங்கான் உருக்கிப் பொருத்திய கிரவுண் 1960-களிலிருந்து உலகெங்கும் பரவியது. அது வலிமையுடையது, ஆனால் முரசு சற்றுக் கீழிறங்கினால் உலோக விளிம்பு கருங்கோடாகத் தெரியும். அண்மைக் காலத்தில் சேர்கோனியா என்னும் வெண்ணிறப் பொருள் கடைவாய்ப் பற்களுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. முன்பற்களுக்கு ஒளி ஊடுருவும் பீங்கான் வகைகள் உண்டு. எல்லா வாய்க்கும் ஏற்ற ஒரே பொருள் என்று எதனையும் சொல்வதற்கில்லை. கடைவாயில் வலிமையும் முன்வாயில் தோற்றமும் முதலிடம் பெறும். இரவில் பல்லைக் கடித்து அரைக்கும் பழக்கமுடையோர் அதனை வைத்தியரிடம் மறைக்கலாகாது.

பாலமும் தூணும்

பாலத்தைப் பற்றி மட்டக்களப்பு நாட்டாருக்கு அதிகம் விளக்க வேண்டுவதில்லை. வாவியும் ஆறும் குறுக்கிடும் நம் நாட்டில் பாலமே வாழ்வு. வெருகல் ஆற்றைப் 'பாதை' என்னும் மிதவையில் ஏறிக் கடந்த நாட்களை எம் ஊர்ப் பெரியோர் மறந்திலர். 2011 ஆம் ஆண்டளவில் அங்கு பாலம் அமைந்தது. கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்பாலங்களின் மேல் செல்லும் நாம் மேற்றளத்தைப் பார்க்கின்றோம். பொறியியலாளர் முதலில் பார்ப்பது நீருக்குள் நிற்கும் தூண்களை.

பற்பாலமும் அத்தகையதே. விழுந்த பல்லின் இருபுறமும் நிற்கும் பற்களைச் சீவி, அவற்றின்மேல் கிரவுண் இட்டு, அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பொய்ப்பல்லைத் தொங்கவிடுவர். மூன்று பற்களின் பாரத்தையும் இரண்டு பற்கள் சுமக்கின்றன. தூண்பல் ஆடினாலோ, அதன் முரசு சீழ் கொண்டிருந்தாலோ, பாலம் எத்துணை விலையுயர்ந்ததாயினும் நிலையாது. ஆதலால் முரசு நோயை முதலிற் குணப்படுத்திய பின்னரே பாலம் கட்டுதல் முறை. நீரிழிவு உடையோர்க்கு முரசு நோய் எளிதிற் பற்றும்; அவர்கள் குருதியிலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் பல் வைத்தியத்தின் ஒரு பகுதியே.

என் வாயிலும் இன்று ஒரு பாலம் உண்டு. அதற்காகச் சீவப்பட்ட இரண்டு பற்களுள் ஒன்று, எள்ளளவு பழுதும் அறியாத நல்ல பல். ஒரு பல்லைக் காவாத குற்றத்துக்கு அதன் அயலவர் இருவரும் தண்டம் செலுத்தினர்.

நல்ல பற்களைச் சீவ மனம் ஒவ்வாதோர்க்கு வேறு வழிகளும் உள. கழற்றி மாட்டும் கட்டுப்பல் செலவு குறைந்தது. முன்பல் ஒன்று மட்டும் இல்லாவிடின், அயற்பல்லின் பின்புறத்தில் சிறகுபோன்ற தகட்டை ஒட்டி நிறுத்தும் பாலம் உண்டு. அதற்குப் பல்லைச் சீவுவது மிகச் சிறிது, சிலவேளை அதுவும் இல்லை. எலும்பில் திருகாணி நாட்டி அதன்மேல் பல் அமைக்கும் முறையை 1965 இல் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிறானமார்க் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். தைற்றேனியம் என்னும் உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்ற அவரது கண்டுபிடிப்பே அதற்கு அடிப்படை. அயற்பற்களைத் தொடாதது அதன் சிறப்பு. பெருஞ்செலவு அதன் குறை.

தங்கப் பல்லும் வெள்ளைப் பல்லும்

சீனத்தின் ஹூபேய் மாகாணத்திலிருந்து வந்து இலங்கையிற் குடியேறிய குடும்பங்கள் சில, துணி வியாபாரத்தோடு பல் கட்டும் தொழிலையும் மேற்கொண்டன. 'சீனப் பல் வைத்தியர்' என்னும் பெயர்ப் பலகை நம் நாட்டு நகரங்கள் பலவற்றில் ஒருகாலத்தில் நன்கு அறிமுகமானது. தங்கப் பல் தெரியச் சிரிப்பது செல்வத்தின் அடையாளமாக அக்காலத்திற் கருதப்பட்டது. நோய்க்குரிய பரிகாரம் ஆபரணமாக மாறிய கதை அது.

இன்றோ, பொன்னின் இடத்தை வெண்மை பிடித்துக்கொண்டது. என் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, அவள் கைத்தொலைபேசியில் ஒரு நடிகையின் சிரிப்பைக் காட்டினாள்.

"மாமா, கலியாணத்துக்கு முதல் எனக்கும் முன்பல்லு ஆறுக்கும் வெனீர் போடவேணும்" என்றாள்.

"ஏன் மகள், உன்ர பல்லுக்கு என்ன குறை?"

"இந்தப் பல்லு நுனி உடைஞ்சிருக்கு, மற்றதெல்லாம் மஞ்சள்."

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்தபோது உடைந்த நுனி அது. அக்கா தன் பதக்கத்தை அடகு வைக்கவும் ஆயத்தமாக இருந்தார். வைத்தியரிடம் கேட்ட பின்னர் முடிவு செய்வோம் என்று நான் வற்புறுத்தினேன்.

வெனீரின் வரலாற்றை அறிந்தால் அதன் இயல்பு விளங்கும். 1920-களின் இறுதியில் ஹொலிவூட் நகரில் சார்ள்ஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர், படப்பிடிப்பின்போது நடிகரின் பற்கள் அழகாகத் தோன்றும்பொருட்டு மெல்லிய தகடுகளை ஒட்டினார். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிடுவர். 1955 இல் புவனகோர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மென்மையாக அமிலம் இட்டுப் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். அதன் வழிவந்த முறைகளால் 1980-களில் பீங்கான் தகடுகளை நிலையாக ஒட்ட முடிந்தது. கழற்றும் வேடம் கழற்றலாகாத வேடமாயிற்று.

வெனீருக்காகப் பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு மிளிரி சீவப்படும். பாடநூல்களில் மிளிரி என்று நீங்கள் படிக்கும் எனாமலே பல்லின் புறக்கவசம். உடலிலேயே மிகக் கடினமான பொருள். முறிந்த எலும்பு வளர்ந்து ஒட்டும். சீவிய மிளிரியோ ஒருநாளும் வளராது. இருபத்துநான்கு வயதில் வெனீர் இட்ட பெண், ஆயுள் முழுவதும் அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

வைத்தியர் அவளுடைய பற்களைச் சோதித்துவிட்டு, படிந்திருந்த காறையை அகற்றினார். உடைந்த நுனியைப் பல் நிறப் பிசினால் கட்டி அழகாக்கினார். ஒரே நாளில் வேலை முடிந்தது. அக்காவின் பதக்கம் கலியாணத்தன்று அவர் கழுத்திலேயே இருந்தது.

வெனீர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட மத்திய மாகாணத்திலும் உலர் வலயத்தின் வேறு பல பகுதிகளிலும் கிணற்று நீரில் புளோரைட் மிகுந்துள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்திற் குடித்து வளர்ந்தோரின் பற்களில் கபில நிறக் கறை நிலைத்துவிடும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசும் இளைஞனுக்கு வெனீர் ஆடம்பரம் அன்று. அவனுக்கும்கூட, முதலில் வெளிறச் செய்தல், பிசின் பூசுதல் முதலிய எளிய முறைகளை முயன்று, அவை போதாதவிடத்தே வெனீரை நாடுதல் அறிவுடைமை.

கேட்கவேண்டிய கேள்விகள்

வைத்தியர் முன் வாயைத் திறப்பதற்கு முன்னர், சில கேள்விகளுக்காகவும் வாயைத் திறத்தல் வேண்டும். சாதாரண அடைப்பு இப்பல்லுக்குப் போதாதா? கதிர்ப்படத்தில் வேர் உறுதியாக உள்ளதா? முரசு நலமாக உள்ளதா? எவ்வளவு சீவப்படும்? என்ன பொருள், எத்தனை தவணை, மொத்தச் செலவு எவ்வளவு? ஓராண்டுக்குள் கழன்றால் யார் பொறுப்பு? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளார். முன்பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், பல்லைச் சீவுவதற்கு முன்னரே ஒப்பிட்டுத் தேரவேண்டும். உலர்ந்த பல் உள்ளதைவிட வெண்மையாகத் தோன்றி ஏமாற்றும்.

நம் நாட்டிற் பல் வைத்தியக் கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு மாறியது. அங்குள்ள பல் மருத்துவ பீடத்திற் பயின்ற வைத்தியர்கள் நாடெங்கும் பணிபுரிகின்றனர். அரச வைத்தியசாலைகளில் பல் எடுத்தலும் அடைத்தலும் இலவசம். கிரவுண், பாலம் முதலிய வேலைகள் நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலைகளிலேயே பெரும்பாலும் நடைபெறும். அங்குக் காத்திருக்கவும் நேரும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியது யாவரும் அறிந்ததே. அதற்காகப் பயிற்சியற்றோரிடம் மலிவாகப் பல் கட்டிக்கொள்வது பெருந்தவறு. பல் வைத்தியர்கள் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

பேணும் முறை

கிரவுண் இட்டதும் பல் பத்திரமாகிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். கிரவுணுக்குச் சூத்தை பிடியாது என்பது உண்மை. கிரவுணின் விளிம்பும் பல்லும் கூடுமிடத்திற் சூத்தை பிடிக்கும். மேலே பளிங்குபோல் மின்னும். கீழே தூண் அரிக்கப்படும். மச்சை நீக்கிய பல்லாயின் நோவும் எச்சரிக்காது. ஆகவே முரசும் பல்லும் கூடும் ஓரத்தையே முதன்மையாகத் துலக்குதல் வேண்டும். புளோரைட் கலந்த பற்பசையும் மென்மையான தூரிகையும் கொண்டு காலையிலும் படுக்கைக்கு முன்னும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் முன்னோர் போற்றியது நன்றே; ஆயினும் பாலத்தின் அடியில் அவை நுழையா. உமிக்கரியும் செங்கற்றூளும் மணலும் பீங்கானின் மெருகைக் கெடுத்து மிளிரியையும் தேய்க்கும்.

பாலத்தின் பொய்ப்பல்லுக்கும் முரசுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில் உணவு தங்கும். பல்லிடை நூலை மேலிருந்து இறக்க முடியாது. தடித்த முனையுள்ள நூலைப் பக்கவாட்டில் ஊசிபோல் கோத்து இழுத்தல் வேண்டும். சிறிய குழாய்த் தூரிகையும் பயன்படும். முதல் வாரம் எனக்கு இது பெருந்தொல்லையாக இருந்தது. இன்று இரண்டு நிமிட வேலை.

வெற்றிலைத் தட்டம் நம் விருந்தோம்பலின் சின்னம். ஆயினும் பாக்கும் சுண்ணாம்பும் பல்லைத் தேய்த்துப் பிசின் அடைப்பையும் விளிம்பையும் கறையாக்குகின்றன. அது சிறு கேடு. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003 இல் கூடி முடிவு செய்தமை பெருங்கேட்டை உணர்த்தும். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால், பல்லை மறந்து முதலில் அதனைக் காட்டுங்கள்.

வாவி நண்டின் காலைக் கடைவாயில் உடைப்பது நம்மவர்க்கு இன்பம். கிரவுண் உடையோர் அதனைக் கல்லில் தட்டி உடைத்து உண்க. சோடாப் போத்தலின் மூடியைப் பல்லாற் கடித்துத் திறத்தலும், தையல் நூலைக் கடித்து அறுத்தலும் கூடா.

கிரவுண் கழன்று விழுந்தால் அதனைக் கழுவிப் பத்திரப்படுத்தி, இயன்ற விரைவில் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள். வெறுமனே மாட்டிக்கொண்டு உறங்கினால் தொண்டைக்குள் நழுவி மூச்சுக் குழலிற் சிக்கவும் கூடும். நோவு இல்லாவிடினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுதல் நன்று. இவ்வாறு பேணின் கிரவுணும் பாலமும் பத்துப் பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைக்கும்.

வீட்டில் தொடங்குக

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பல் எதுவும் விழாமலே, வாயின் பின்புறத்தில் கடைவாய்ப் பற்கள் நான்கு முளைக்கின்றன. பாற்பல் என்று எண்ணிப் பலர் அவற்றைக் கவனியாது விடுகின்றனர். அவையோ நிலையான பற்கள். விழுந்தால் வேறு முளையா. நான் இழந்ததும் அவற்றுள் ஒன்றே. 1950-களில் நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையிற் பாடசாலைப் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கப்பெற்றது. சிறுவரின் பற்களைத் தொடக்கத்திலேயே காப்பதே அதன் நோக்கம். பாடசாலைப் பற் சிகிச்சை நிலையத்திலிருந்து துண்டு வந்தால் அதனைப் புத்தகப் பைக்குள் உறங்கவிடாதீர்கள்.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பின்புறப் பல்லின் பள்ளத்தில் கரும்புள்ளி ஒன்று தெரிகின்றதா? அதனை இன்று அடைப்பதற்கு ஒரு நாள் போதும். இன்று விட்டுவிட்டால், வேர்ச் சிகிச்சையும் கிரவுணும் பாலமுமாக அப்பிள்ளை நாற்பது வயதுவரை அதற்கு வட்டி கட்டவேண்டி வரும்.